பதினாலு பாக்கெட் பை

அந்த லிஃப்ட் மெக்கானிக்கைப் பற்றி அவருடைய கம்பெனியில் ஒரு கதை உலவும். ஒருமுறை ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் கரண்ட் போய், மொட்டைமாடி மெஷின் ரூமில் கும்மிருட்டு. கூடப் போனவர் டார்ச்சைத் தேடித் தடவிக்கொண்டிருக்க, இவர் தன் தோள்பைக்குள் கையை விட்டு, வேண்டிய ஸ்பானரை எடுத்து, வேலையை முடித்து, எடுத்த பாக்கெட்டிலேயே திருப்பி வைத்தும் விட்டாராம். "அண்ணே, விரல்ல கண்ணு வச்சிருக்கீங்களா?" என்று கூட்டாளி கேட்டதற்கு, "கண்ணு இல்லப்பா, ஒழுங்கு," என்றாராம்.

லிஃப்ட் வேலைக்கு அவர் வந்த விதமே ஒரு கூத்து. படிப்பு முடித்த கையோடு ஏதோ ஓர் அலுவலகத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனார். நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. இரண்டு மணி நேரம். தேர்வு போயே போய்விட்டது. கடைசியில் கதவை நெம்பித் திறந்து, கை கொடுத்துத் தூக்கிவிட்ட ஆளைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி, "சார், இந்த வேலைக்கு எங்க சேரணும்?"

சேர்ந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. கல்யாணமும் ஒரு லிஃப்டால்தான் வந்தது. பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் லேப் ஒன்று இருந்த கட்டடத்தில் ரிப்பேருக்குப் போனபோது, அங்கே வேலை பார்த்த பெண் இவரிடம் லிஃப்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "உங்க முன்பல் ஓரம் உடைஞ்சிருக்கு. பாத்துக்கங்க," என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டாள். அடுத்த வாரம், நல்லா ஓடிக்கொண்டிருந்த லிஃப்டை இவர் மறுபடியும் சோதிக்கப் போனார்.

இப்போது அவருக்கு நாற்பத்தொரு வயது. அவர்களுக்கு ஏழு மாதத்தில் ஒரு பெண் குழந்தை. வீட்டில் அவளுக்கு மேனேஜர் என்று பெயர். குரல் கொடுத்தால் இரண்டு பேரும் போட்டதைப் போட்டபடி ஓட வேண்டும். ஓடிப் போய் நின்றால், கூப்பிட்ட காரணத்தை மட்டும் சொல்ல மாட்டாள்.

மனைவியின் விடுமுறை முடிகிற நேரம். திங்கட்கிழமை அவள் போயாக வேண்டும். போனால் லேப்பின் பொறுப்பு அவள் கைக்கு வரும். இன்னும் லீவு கேட்டால் பக்கத்து மேஜைக்காரருக்குப் போய்விடும். ஏழு மாதமாக வேலை இல்லாத கை அவளைப் படுத்தியது. டிவியில் யார் சிரித்தாலும், "கீழ் வரிசை கோணல்," என்பாள். அவள் போக வேண்டும் என்று அவளைவிட அவருக்குத்தான் தவிப்பு. கம்பெனியில் சொல்லி மூன்று மாத லீவும் வாங்கிவிட்டார். குழந்தையைத் தானே பார்த்துக்கொள்வதாகத்தான் பேச்சு.

மாமியாருக்கு அந்தப் பேச்சு இறங்கவே இல்லை. "மாப்பிள்ளை தங்கமானவர்தான். ஆனா இரும்பத் தூக்குன கை அது. டிக்கெட் போட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை வந்து ஆறு மாசம் இருந்துட்டுப் போறேன்," என்று போனில் சொல்லிவிட்டார்.

மனைவி ஒரு முடிவுக்கு வந்தாள். "சனிக்கிழமை காலைல நீங்க மட்டும் இவளை வெளிய கூட்டிட்டுப் போங்க. ரெண்டு மணி நேரம். நான் போன் பண்ண மாட்டேன், பின்னாடி வர மாட்டேன். ஒழுங்கா திரும்பி வந்தீங்கன்னா திங்கட்கிழமை நான் வேலைக்கு. இல்லன்னா லீவு லெட்டர் எழுதுறேன், அம்மாவும் வரட்டும்."

"எழுதி வச்சுக்கோ. ஒழுங்குங்கிறதே நான்தான்," என்றார் அவர்.

ஒழுங்கு என்றால் அவருக்குப் பை. குழந்தை வண்டியின் கைப்பிடியில் மாட்டிக்கொள்ளும் பை ஒன்று இருந்துவிட்டால் எல்லாம் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கும். வெள்ளிக்கிழமையே குழந்தைச் சாமான் கடைக்குப் போனார். கடைப் பெண் மூன்று பைகளை எடுத்து வைத்தாள். ஒன்று இரண்டு உள்ளங்கை அகலத்துக்குத் துணிப்பை. பாட்டில் வைக்க இரண்டு குழி, நடுவில் ஒரு ஜிப், அவ்வளவுதான். இன்னொன்று நடுத்தரம். மூன்றாவதைப் பார்த்ததும் அவருக்கு வாயெல்லாம் பல். விறைப்பான அட்டை வைத்துத் தைத்தது. உள்ளே எட்டு, வெளியே ஆறு, ஆக மொத்தம் பதினாலு பாக்கெட்.

"சார், கைப்பிடியில ரெண்டு கிலோவுக்கு மேல தொங்க விடாதீங்க," என்றாள் கடைப் பெண்.

"ரெண்டு கிலோவா! லிஃப்ட்ல நான் தொங்க விடுறதெல்லாம் டன் கணக்குலம்மா."

"அது லிஃப்ட் சார். இது வண்டி."

"எல்லாம் ஒரே கணக்குத்தான்." அவர் விளக்கவும் செய்தார். லிஃப்டில் ஆள் நிற்கிற கூண்டு கயிற்றின் ஒரு முனையில் தொங்கும், இரும்புப் பாளங்கள் மறு முனையில். அந்தப் பாளங்கள்தான் எதிர் எடை. இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தால் மோட்டாருக்குச் சிரமமில்லை. "முன்னாடி குழந்தை, பின்னாடி பை. தள்ளுறதுக்கு அல்வா மாதிரி இருக்கும் பாருங்க."

கடைப் பெண் பையை எடுத்துக் கொடுத்தாள்.

பையோடு வந்த வெல்க்ரோ ஒட்டுப்பட்டை அவருக்குப் பிடிக்கவில்லை. பாரம் கூடினால் பிரிந்துவிடுமே! அதைக் கத்தரித்துவிட்டு, இரண்டு எஃகுக் கொக்கிகளைத் தானே பொருத்தினார். சனிக்கிழமை காலை கூடத்தில் சாமான்களைப் பரப்பி வைத்துக்கொண்டு அடுக்க ஆரம்பித்தபோது மனைவி வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒம்பது டயப்பரா?"

"அவசரத்துக்கு."

"பால் பவுடர் டப்பாவோட போறீங்களா?"

"அளந்து எடுத்துட்டுப் போய் பத்தலன்னா?"

"சரி, இந்த டார்ச் எதுக்குங்க?"

"கரண்ட் போனா?"

"காலைல பத்து மணிக்கு, ரோட்டுல?"

அவர் டார்ச்சைப் பாக்கெட்டில் செருகினார். தண்ணீர் பாட்டில் இரண்டு, வெந்நீர் ஃபிளாஸ்க் ஒன்று, மாற்று உடை நான்கு செட், குடை, காய்ச்சல் பார்க்கும் கருவி, வண்டிச் சக்கரம் கழன்றால் முடுக்க ஒரு ஸ்பானர், எல்லாம் ஏறின. குழந்தையை உட்கார வைத்து, பையைக் கொக்கியில் மாட்டி, ஒரு விரலால் தள்ளிக் காட்டினார். வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று.

"பாத்தியா?"

"பாத்தேன் பாத்தேன். மேனேஜர், உங்கப்பாவப் பத்திரமா கூட்டிட்டு வாங்க," என்று மனைவி கதவைச் சாத்தினாள்.

முதல் அரை மணி நேரம் ராஜ ஊர்வலம். மேனேஜருக்கு எதைப் பார்த்தாலும் அதிசயம். நாயைப் பார்த்து ஒரு கூச்சல், பஸ்ஸைப் பார்த்து ஒரு கூச்சல். எதிரே வந்தவர்களின் கண் பையின் மேல் விழுந்து நகர்வதைக் கவனித்து இவரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். வாய் வழிந்தால் மூன்றாம் பாக்கெட், வெயில் அடித்தால் ஒன்பதாம் பாக்கெட். பார்க்காமலே கை போயிற்று, வந்தது.

செருப்புக் கடை ஒன்றின் வாசலில் மேனேஜரின் குரல் மாறியது. தூக்கத்துக்கு அழுவது மூக்கால் வரும். பசிக்கு அழுவது விட்டு விட்டு வரும். இது மூச்சு விடாத அழுகை. டயப்பர்தான். வண்டியை ஓரங்கட்டி, சக்கரத்துக்குப் பிரேக் போட்டு, பெல்ட்டைக் கழற்றி, குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டார்.

வண்டி முன்சக்கரத்தைத் தூக்கியது. குதிரை இரண்டு காலில் எழுவதுபோல எழுந்து, ஒரு நொடி யோசித்து, மடேரென்று மல்லாக்க விழுந்தது.

பதினாலு பாக்கெட்டும் வாயைப் பிளந்தன. ஸ்பானர் ஒரு பக்கம் ஓடியது. ஃபிளாஸ்க் படிக்கட்டில் உருண்டது. பால் பவுடர் டப்பா மூடி தெறித்து, வாசலில் வரிசையாக அடுக்கியிருந்த கறுப்பு ஷூக்களின் மேல் வெள்ளையாகப் பொழிந்தது. மேனேஜர் அழுகையை நிறுத்திவிட்டு, இதுவரை கண்ட அதிசயங்களிலேயே இதுதான் பெரிது என்பதுபோல வாயைத் திறந்து பார்த்தாள்.

கடைக்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "சார், நாங்க கறுப்பு பாலிஷ்தான் போடுறது."

"மன்னிச்சுக்கங்க சார், நானே துடைச்சுத் தரேன்."

"அட, புள்ளயப் பாருங்க முதல்ல. புள்ளைக்கு ஒண்ணும் இல்லல்ல? அப்ப விடுங்க, ஷூ எங்கயும் ஓடிடாது."

கடைக்காரர் போட்டுக் கொடுத்த பெஞ்சில் மெக்கானிக் டயப்பரை மாற்றினார். எங்கே தப்பு என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது. குழந்தை உட்கார்ந்திருக்கும்போது மட்டும்தான் அவர் கணக்குப் போட்டிருந்தார். லிஃப்டில் எல்லோரும் இறங்கிப் போய்விட்டாலும் எதிர் எடை தடதடவென்று கீழே வராது. மேலே மோட்டாரோடு ஒரு பிரேக் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். இங்கே சக்கரத்துக்குத்தான் பிரேக். கவிழ்வதற்கு ஏது பிரேக்? ஒட்டுப்பட்டையாவது இருந்திருந்தால் பாரம் தாங்காமல் பை மட்டும் விழுந்திருக்கும். அதையும் கத்தரித்துவிட்டு எஃகுக் கொக்கி போட்ட புண்ணியவான் அவர்தான்.

குழந்தையின் ஒரு கால் மட்டும் பெல்ட்டில் மாட்டிக்கொண்டு இருந்திருந்தால்?

சிதறியதைப் பொறுக்கிப் பையில் போட்டு, ஷூக்களைத் துடைத்துக் கொடுத்தார். அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடலாம். பையைத் தட்டிச் சுத்தம் செய்தால் நடந்தது யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமை அவளும் வேலைக்குப் போய்விடுவாள். ஆனால் அன்றைக்கும் இதே வண்டி, இதே பை. அவர் ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு, மறு கையால் வண்டியை இழுத்துக்கொண்டு, குழந்தைச் சாமான் கடைக்கு நடந்தார்.

கடைப் பெண் அவர் சட்டையிலிருந்த வெள்ளைத் தூளைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். "விழுந்துச்சா சார்?"

"விழுந்துச்சும்மா. நேத்து நீங்க சொன்னதைக் கேட்டிருக்கணும்."

"பரவால்ல சார். கேக்குறவங்க கம்மிதான்."

இந்த முறை அவர் முறையாக ஆரம்பித்தார். முதலில் பெரிய பையைக் கழற்றி ஓரமாக வைத்தார். கனமானதெல்லாம் இருக்கைக்கு அடியிலிருந்த கூடைக்குப் போயிற்று. அது சக்கரங்களுக்கு நடுவில், தரையை ஒட்டி இருந்தது. அது அங்கே இருப்பதையே அவர் காலையில் மதிக்கவில்லை. கைப்பிடிக்குச் சின்னத் துணிப்பையை மாட்டினார். உள்ளே ஒரு பால் பாட்டில், இரண்டு டயப்பர், துடைக்கிற துணி. குழந்தையை உட்கார வைத்தார், தூக்கினார். வண்டி நின்றது. பாட்டிலில் தண்ணீரை நிரப்பி மறுபடி வைத்தார், தூக்கினார். நின்றது. கைப்பிடியைப் பிடித்து லேசாக அழுத்தினார்; முன்சக்கரம் ஒரு விரல் எழுந்து தானாகவே இறங்கியது. ஏறி இறங்கி ஏறி இறங்கி மேனேஜர் கெக்கெக்கென்று சிரித்தாள். வண்டி வாங்க வந்திருந்த ஒரு தம்பதி இதைப் பார்த்து, "சார், அந்த நீல வண்டியையும் ஒரு தடவை அப்படிச் செஞ்சு காட்டுறீங்களா?" என்று கேட்டார்கள். அவர் அதையும் செய்தார். அடுத்து ஒரு சிவப்பு வண்டி.

சத்தத்தை அணைத்து வைத்த போன் இருந்தது பெரிய பையின் பதினொன்றாம் பாக்கெட்டில். பை கிடந்தது மூலையில்.

போன் பண்ண மாட்டேன் என்று சொன்னவள் இரண்டேகால் மணி நேரத்தில் ஏழு முறை பண்ணிவிட்டாள். பிறகு செருப்பைக்கூடக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். செருப்புக் கடை வாசலில் வெள்ளைத் தூள். அதிலிருந்து இரண்டு சக்கரத் தடம். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தத் தடத்தின் பின்னாலேயே வந்து, கடைக்குள் நுழைந்தாள். அங்கே சிவப்பு வண்டியிலிருந்து மேலே தூக்கப்பட்ட அவள் மகள், அம்மாவைக் கண்டதும் கையைத் தட்டினாள்.

அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவர் பேசிவிட்டார். லிஃப்டில் அசம்பாவிதம் என்றால் மெக்கானிக் முதலில் செய்ய வேண்டியது, யாரும் கேட்பதற்கு முன் நடந்ததை நடந்தபடி பதிவேட்டில் எழுதுவது. அந்தக் குரலில்தான் சொன்னார்.

"மணி பத்து நாப்பது. செருப்புக் கடை வாசல். குழந்தையத் தூக்கினேன், வண்டி பின்பக்கமா கவுந்துடுச்சு. பயணிக்குக் காயம் இல்லை, என் தோள்ல இருந்தா. காரணம், பை ரொம்பக் கனம். மாட்டினது நான். கடைக்காரங்க வேண்டாம்னு சொன்னதுக்கு அப்புறமும் மாட்டினேன். இப்ப மாத்திட்டேன். இருபத்தியாறு தடவை தூக்கிப் பாத்துட்டேன், விழல." மூலையில் கிடந்த பையைப் பார்த்துவிட்டு, "போன எடுக்காதது தனித் தப்பு," என்றார்.

மனைவி குழந்தையை வாங்கிக்கொண்டாள். தலை, கை, கால் என்று பல்லைச் சோதிக்கிற கண்ணால் ஒரு முறை சோதித்தாள். பிறகு சின்னப் பையை மாட்டிய தங்கள் வண்டியில் உட்கார வைத்து, தானே தூக்கினாள். வண்டி அசையவில்லை. இன்னொரு முறை தூக்கினாள்.

"இருபத்தியெட்டு," என்றாள்.

அவள் போனை எடுத்தபோது, லீவு கேட்கத்தான் போகிறாள் என்று நினைத்து அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அம்மா, அந்த டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடு. ஆமா, திங்கட்கிழமை நான் வேலைக்குப் போறேன்... ஆமாம்மா, விழுந்துச்சு. வண்டிதான், புள்ள இல்ல... எனக்கு எப்படித் தெரியுமா? அவரே சொன்னார்மா. நான் கேக்கவே இல்ல." மறுமுனையில் என்னவோ நீளமாகச் சொன்னார்கள். அவள் கேட்டுச் சிரித்தாள். "அடுத்த மாசம் வா. பேத்தியைப் பாக்க வா. காவலுக்கு வேண்டாம்."