முதலில் ஏறுவது எது

கட்டைவிரலால் மீசையை ஒதுக்கிவிட்டு, லாரியின் வெற்றுத் தளத்தை ஒருமுறை பார்ப்பார் லோடு மேஸ்திரி. எந்தப் பெட்டி எந்த மூலைக்கு என்பது அதற்குள் முடிவாகிவிடும். "கடைசியா எறங்குறது மொதல்ல ஏறணும்" என்பதுதான் இருபத்தாறு வருடமாக அவர் சொல்லும் ஒரே பாடம். கடைக்குப் போனால் கைப்பையைக்கூட அப்படித்தான் அடுக்குவார். அடுப்படிக்கு உடனே வேண்டிய பால் பாக்கெட் மேலே இருக்கும். அடுத்த வாரத்துச் சோப்பு அடியில் கிடக்கும்.

போன மாதம் கிடங்கில் லாஜிஸ்டிக்ஸ் பற்றி வகுப்பு எடுத்தார்கள். ஏற்றுவது, இறக்குவது மட்டுமில்லையாம். சரக்கை வாங்கி வைப்பது, பத்திரமாகப் பார்த்துக்கொள்வது, அனுப்புவது, வேண்டாமென்று திரும்பி வந்தால் ஏற்றுக்கொள்வது எல்லாமே அதில் அடக்கமாம். சரியான பொருள் சரியான நேரத்தில் சரியான இடத்துக்குப் போக வேண்டும் என்றார் புது மேனேஜர். மேஸ்திரிக்குத் தலை சுற்றியது.

"சரியான எடம் எதுன்னு யாரு சார் சொல்றது?"

சரக்குச் சீட்டில் எழுதியிருக்குமே என்று சிரித்தார் மேனேஜர்.

இன்று காலை, அம்மாவின் வாடகை அறையைக் காலி செய்ய மினி லாரியோடு வந்திருக்கிறார் மேஸ்திரி. முதலில் தம்பி வீடு, அடுத்துத் தன் வீடு. பாத்திரங்கள் தம்பிக்கு, பீரோ தனக்கு. அம்மா படுக்கும் இரும்புக் கட்டில்தான் அவரைப் பாடாய்ப் படுத்துகிறது. அம்மா இனி யாரோடு இருப்பார் என்பதை ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. அண்ணன் சொன்னால் சரி என்றுவிட்டான் தம்பி. அத்தை இஷ்டம் என்றுவிட்டாள் மனைவி. மற்றவர்களே பேசி முடித்துவிடுவார்கள் என்று மேஸ்திரியும் பேசாமல் இருந்துவிட்டார்.

கட்டிலை உள்ளே ஏற்றினார். மனசு கேட்காமல் இறக்கினார். பீரோவை நகர்த்தி மறுபடி ஏற்றினார், மறுபடி இறக்கினார். டிரைவர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கடைசியில், வாசற்படியில் உட்கார்ந்திருந்த அம்மாவிடமே போய் நின்றார். கேட்க வந்ததை விட்டுவிட்டு, கட்டிலை எங்கே இறக்குவது என்று மட்டும் கேட்டார்.

"எங்க எறக்கினாலும் சரிதாம்பா. யாருக்கும் எடஞ்சலா இருக்கக் கூடாது, அவ்ளோதான்."

மேஸ்திரிக்கு வெட்கமாக இருந்தது. போய்ச் சேரும் விலாசம் கேட்காமல் ஒரு அட்டைப் பெட்டியைக்கூட அவர் தொட்டதில்லை.

பொறுமையிழந்த டிரைவர் இன்ஜினைக் கிளப்பினார். மேஸ்திரி கையை உயர்த்தி இன்ஜினை அணைக்கச் சொன்னார். பிறகு தெருவில் கிடந்த கட்டிலில் போய் உட்கார்ந்து, ஓரமாக நகர்ந்து, அம்மாவுக்கு இடம் விட்டார்.