உன்-தியென் நின்றுகொண்டே வீசிய பிறைக்கட்டை

எங்கள் ஊர்ச் சிப்பிச் சந்தையில் உன்-தியென் கடை எது என்று யாரும் விசாரிக்க வேண்டியதில்லை. எந்தக் கடைக்காரி வந்த ஆளைப் பார்த்து, "இது நேத்து உரிச்சது, வாங்காதீங்க, பக்கத்துக் கடைக்குப் போங்க!" என்று கத்துகிறாளோ, அவள்தான். அப்படிக் கத்தியும் நாற்பது வருஷமாக அவளிடம்தான் கூட்டம். அவள் என் சித்தப்பா மகள், எனக்கு மூன்று வயது இளையவள். அந்த வாய் எந்த நாளில் திறந்தது என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

என் தாத்தா சாய் பெங்குக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் புன்-தெக், என் அப்பா. இளையவர் புன்-லியோங், அவள் அப்பா. சித்தப்பா தைனானுக்குச் சிப்பி விற்கப் போன இடத்தில்தான் கியோக்-ஹியாங் சித்தியைப் பார்த்தார். அவர்கள் மூன்று தலைமுறையாகத் தேவாலயத்துக்குப் போகிறவர்கள். கல்யாணத்துக்கு முன்னால் சித்தி ஒன்றே ஒன்று சொன்னாளாம்: "நான் ஊதுபத்தி பிடிக்க மாட்டேன், பொறக்கற பிள்ளைங்களும் பிடிக்காதுங்க. நீங்க பிடிங்க, தடுக்க மாட்டேன். ஆனா என்னைப் பிடின்னு ஒரு நாளும் கேக்கக் கூடாது." சித்தப்பா கேட்டதே இல்லை.

அவர்கள் வீடு ஒரே அறை. அதில் ஒரே மேஜை. அதன் மேல்தான் சோறு, பள்ளிக்கூடப் பாடம், மூலையில் சித்தியின் வேதப்புத்தகம். எங்கள் வீட்டில் கடல் தெய்வமான மாசோ தாயிக்குக் கோழி படைத்தால், படைத்ததை அவர்கள் தொட மாட்டார்கள். உன்-தியென் வாசலில் நின்று மோப்பம் பிடித்துக்கொண்டிருப்பாள். அதனால் என் அம்மா படைப்பதற்கு முன்பே ஒரு காலைப் பிய்த்து இலையில் சுற்றி வைத்துவிடுவாள். "இந்தா, தாயி கண்ணுல இன்னும் படல. ஓடிப் போய்த் தின்னுடி." சித்திக்கும் இது தெரியும். மறுநாள் ஒரு கிண்ணம் நண்டு வந்து சேரும்.

மாசோ தாயியின் பிறந்தநாளன்று கோயிலில் கட்டை வீசுவது எங்கள் ஊர் வழக்கம். பிறை மாதிரி இரண்டு மரக்கட்டை, ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வயிறு. ஒன்று மல்லாந்து ஒன்று கவிழ்ந்தால் தாயி "சரி" என்கிறாள். யாருக்கு விடாமல் அதிகச் "சரி" விழுகிறதோ, அந்த வீட்டில்தான் ஒரு வருஷம் தாயியின் தூபச்சட்டி இருக்கும். தாத்தா அது கிடைக்காமலே செத்துப்போனார். சித்தப்பா இருபத்திரண்டு வருஷம் வீசியும் இரண்டு "சரி"க்கு மேல் தாண்டியதில்லை. ஆனாலும் அந்த நாள் வந்தால் விடியுமுன்பே குளித்து நிற்பார்.

உன்-தியெனுக்குப் பத்து வயதான அந்த வருஷம், திருவிழாவுக்குப் பதினைந்து நாள் முன்பு, சித்தப்பா கடலில் சிப்பி வளர்க்கிற பந்தலிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். அதே அடுப்பில் சாப்பிடுகிற ஆள் வந்துதான் வீச வேண்டும். யாரும் வராவிட்டால் பட்டியலிலிருந்து பேரையே அடித்துவிடுவார்கள், பிறகு சேர்க்க மாட்டார்கள். என் அப்பா வீசலாம் என்றால் எங்களுக்குத் தனி அடுப்பு.

"போகட்டும் விடுண்ணே," என்று சித்தப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

சிப்பி உரித்துக்கொண்டிருந்த சித்தி கத்தியைக் கீழே வைத்தாள். "எதுக்கு விடணும்? அவரு கைக்குப் பதிலா இந்தப் பிள்ளை கை போகட்டும். உன்-தியென், இங்க வா. குனியாத. கும்பிடாத. ஊதுபத்தி தொடாத. அப்பாவுக்காக வீசு, வந்துரு. அவ்வளவுதான்."

"நின்னுகிட்டா வீசறது? எல்லாரும் மண்டி போடுவாங்களே!" என்றார் என் அப்பா.

"நிக்கறவளுக்குக் கட்டை வீச வராதா, அத்தான்?"

ஜெயித்தால் என்ன ஆகும் என்று ஒருவர்கூட யோசிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் தோற்ற பேர் ஆயிற்றே!

கோயிலில் மேளமும் வெடியும் காதைக் கிழித்தன. படகுக்கார ஓங் தியாம்-சூ ஆறு "சரி" வாங்கிவிட்டு, சட்டி தன் வீட்டுக்குத்தான் என்று பெண்டாட்டிக்குச் சொல்லி அனுப்பியும் விட்டார். கடைசிப் பேர் சித்தப்பாவுடையது. என் அப்பா ஊதுபத்தியோடு மண்டி போட்டுத் தம்பி பேரைச் சொல்லிக் கேட்டார். பக்கத்தில் உன்-தியென் கம்பம் மாதிரி நின்றாள்.

"பொட்டைப் பிள்ளையா?" என்றார் ஒருவர்.

"அடுப்புன்னுதான் விதி, மீசைன்னு விதியில்ல," என்றார் பூசாரி லிம். "வீசுமா."

வீசினாள். சரி. மறுபடி வீசினாள். சரி. மூன்றாவது விழுந்ததும் என் அப்பா என் கையைப் பிடித்தார். நான்கு. ஐந்து. கூட்டம் சத்தம் போட்டு எண்ண ஆரம்பித்தது. "ஆறு!" மேளக்காரர்கள் கோலை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். ஓங் காதுக்கு மேல் சொருகியிருந்த சிகரெட் விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை.

ஏழாவது. நின்ற உயரத்திலிருந்து போட்டதால் கட்டை இரண்டும் துள்ளின. ஒன்று கவிழ்ந்தது. இன்னொன்று சுழன்றது, சுழன்றது... முனையில் நின்றுவிட்டது!

"நின்னுடுச்சு! கட்டை நின்னுடுச்சு!"

ஏழு தலைமுறைக்கு ஒரு தடவை நடப்பது என்பார்கள். கிழவர்கள் அழுதார்கள். லிம் இரண்டு கையையும் தூக்கி, "இதுக்கு மேல என்ன வேணும்! சட்டி புன்-லியோங்..." என்று ஆரம்பித்தார்.

"நிக்கல," என்றாள் உன்-தியென்.

என் அப்பா அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தார். "வாய மூடுடி!"

"செங்கல் இடுக்குல மாட்டிக்கிச்சு, பெரியப்பா. நான் பாத்தேன். தாயி நிக்க வெக்கல, இடுக்குதான் வெச்சுச்சு."

லிம் குனிந்து விரலை விட்டுப் பார்த்தார். இடுக்கு இருந்தது, கட்டையின் முனை அதில் ஆணி மாதிரி இறங்கியிருந்தது. ஓங் கெக்கெக்கே என்று சிரித்தார். "சர்ச்சுக்காரி மக தானே சொந்தக் காலை வாரிக்கிட்டா!" பிறகு அவளைப் பார்த்தார். அவள் உதடு துடித்தது, ஆனால் தலை குனியவில்லை. அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "தள்ளுங்கப்பா, இடம் விடுங்க. இந்தாம்மா, இங்க இடுக்கு இல்ல. இங்க நின்னு வீசு."

அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். வீசினாள்.

ஒன்று மல்லாந்தது. ஒன்று கவிழ்ந்தது.

அன்று எழுந்த சத்தத்தில் கோயில் வாசலில் கட்டியிருந்த எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. யாரும் பிடிக்கப் போகவில்லை. சட்டியைப் பல்லக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஊரே சித்தப்பா வீட்டுக்குக் கிளம்பியது. பாதி வழியில்தான் என் அப்பாவுக்கு உறைத்தது. "ஐயையோ, அந்த வீட்டுல எங்கடி வெக்கறது?" என்று என்னைப் பார்த்தார், என்னவோ நான் ஊர்ப் பெரிய மனுஷி மாதிரி.

சித்தி வாசலிலேயே நின்றாள், கையில் உரிக்கிற கத்தியோடு. மேளம் தானாக ஓய்ந்தது.

"ஜெயிச்சுட்டோம்மா," என்றாள் உன்-தியென், மெதுவாக. "இடுக்குல நின்னதச் சேக்காம."

உள்ளே சித்தப்பா கட்டிலிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் கொடுத்த வாக்கு. முகம் மட்டும் சின்னப் பிள்ளை முகம் மாதிரி ஆகியிருந்தது.

ஓங் தொண்டையைச் செருமினார். "தொந்தரவுன்னா நான் எங்க வீட்டுக்குக் கொண்டு போறேன், தங்கச்சி. தப்பா எடுத்துக்க மாட்டேன்."

சித்தி திரும்பிச் சித்தப்பாவைப் பார்த்தாள். "எத்தனை நாளு?"

"ஒரு வருஷம்," என்றார் லிம்.

"இது நாங்க சோறு திங்கற மேஜை, இதத் தர மாட்டேன். அத்தான், உங்க வீட்டு மேஜையத் தூக்கிட்டு வாங்க."

என் அப்பா ஓடினார்! அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் சிப்பிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டுத்தான் சாப்பாடு.

"தினம் சட்டி முன்னாடி டீ மாத்தி வெக்கணும், பத்தி ஏத்தணுமே? நானும் செய்ய மாட்டேன், என் மகளும் செய்ய மாட்டா. யாரு செய்வா?"

"நான் செய்யறேன் சித்தி," என்றேன்.

"நீயா? தூங்குமூஞ்சி. விடிய எழுந்திரிப்பியா?"

"எழுந்திரிப்பேன்."

எழுந்தேன். முந்நூறு நாளுக்கு மேல் நான் இந்த மேஜையில் பத்தி ஏற்றினேன், சித்தியும் உன்-தியெனும் அந்த மேஜையில் ஜெபப் பாட்டுப் பாடினார்கள். பாதிப் பாட்டு எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

என் அப்பா மேஜையோடு மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும் சித்தி கத்தியை இடுப்பில் சொருகிக்கொண்டு பல்லக்குக்காரர்களுக்கு வழி விட்டாள். "உள்ள கொண்டாங்க. பாத்து, இடது பக்கப் படிக்கல்லு ஆடும். கீழ போட்டுராதீங்க."

மேளம் கூரை ஓட்டைக் கிளப்பிவிடுகிற மாதிரி முழங்கியது. சித்தப்பா கட்டுப்போட்ட காலோடு எழுந்து உட்காரப் பார்த்தார். சித்தி ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து அமுக்கினாள்.

"படுங்க. உங்க தாயி எங்க போயிரப் போறா? ஒரு வருஷம் இங்கதான இருக்கப் போறா."