கதவை அடைத்த பீப்பாய்

ஆரின் ஹாஸ்கெட்டுக்கு வருஷத்தில் இரண்டு வேலை. பனிக்காலத்தில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவார். கோடை பிறந்ததும் முகத்தில் வெள்ளையும் சிவப்பும் அப்பிக்கொண்டு, காளைச் சவாரிப் போட்டி நடக்கும் ரோடியோ மைதானத்தில் பீப்பாய்க்குள் இறங்கிவிடுவார். யாராவது கேட்டால், "ரெண்டும் ஒரே வேலைதாம்ப்பா. அடுத்தவன் பிள்ளைய முழுசா வீட்டுல கொண்டுபோய்ச் சேர்க்கணும்" என்பார்.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் அவரைத் தெரியாத ரோடியோ கமிட்டி கிடையாது. இளவட்டமாக இருந்தபோது காளைக்கு முன்னால் ஓடுகிறவராக இருந்தார். சவாரிக்காரன் கீழே விழுந்த கணத்தில் காளையின் முகத்துக்கு நேரே குறுக்கே பாய்ந்து, "என்னைப் பிடி, அவனை விடு" என்று இழுத்துக்கொண்டு போகிற வேலை. முழங்கால் இரண்டும் தேய்ந்த பிறகு பீப்பாய்க்கு மாறினார். மைதானத்தின் நடுவில் பழைய டயர் சுற்றிக் கட்டிய இரும்புப் பீப்பாய். ஓடுகிறவனுக்கு மூச்சு முட்டினால் அதன் பின்னால் ஒதுங்கலாம். காளைக்குக் கோபம் தீரவில்லை என்றால் அதை முட்டி உருட்டலாம். உள்ளே ஆரின் இருப்பார். ஒரு காளைக்கும் அடுத்த காளைக்கும் இடையில் தலையை வெளியே நீட்டி, மேடையில் மைக் பிடித்திருக்கும் ஹார்வியோடு வாயாடி, சனங்களைச் சிரிக்க வைப்பார். சும்மா கிடக்கும் நேரத்தை ஓட்டுவதற்குத்தான் அவருக்குக் கூலி.

அந்த ஜூலை மாதம் கேம்ப்டன் ஃப்ளாட் ஊர் ரோடியோவில் இரண்டாவதாக வந்த சவாரிக்காரன் காளையின் காலடியில் மாட்டிக்கொண்டான். ஆரினின் கூட்டாளி ரே மொன்டோயா காளையை இழுத்துக்கொண்டு ஓடினான். பையனுக்கு உயிருக்கு மோசமில்லை, ஆனால் விலா எலும்பு போயிருந்தது. ஊருக்கு இருந்த ஒரே ஆம்புலன்ஸ் அவனை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் புழுதி கிளப்பிப் போயிற்று. பெரிய ஆஸ்பத்திரி இருப்பதோ மலைக்கு அந்தப் பக்கம்.

ஆம்புலன்ஸ் இல்லை என்றால் காளை இல்லை. இது அந்தப் பக்கத்துச் சனங்களுக்குப் பால்குடி மறப்பதற்கு முன்பே தெரிந்த விஷயம். ஆனால் மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை வந்தால் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்பார்கள். கமிட்டித் தலைவர் லைமன் ப்ரூயிட் தொப்பியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். மாட்டு ஏலச்சந்தை நடத்துகிறவர், தாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். வேலியோரம் வந்து ஆரினைக் கூப்பிட்டார்.

"ஆரின், அடுத்த காளைய விடப் போறோம். நீ நடுவுல போயி நில்லு."

"ஆம்புலன்ஸ் எங்க?"

"வந்துரும்யா. டாக்டர்தான் இருக்காரே."

"அவரு மாட்டு டாக்டர், லைமன்."

"அதனால என்ன? தையல் தையல்தானே? உன்னவிடப் பெரிய உருப்படிக்கெல்லாம் தையல் போட்டவரு."

"போட்டாரு. அவரு தையல் போட்டதுல பாதி இப்ப தட்டுல வறுபட்டுக் கெடக்கு."

லைமனுக்குச் சிரிப்பு வரவில்லை. "இந்த ஊரு மட்டுமில்ல, சுத்துப்பட்டு ரோடியோ அத்தனையும் என் மச்சினன் கையில இருக்கு. ஞாபகம் வச்சுக்க" என்று சொல்லிவிட்டு, சவாரிக்கு முன் காளையை நிறுத்தி வைக்கும் அடைப்பின் கதவுக்காரனுக்குக் கைகாட்டினார். ஒலிபெருக்கியில் ஹார்வி அடுத்த சவாரிக்காரனின் பெயரைச் சொன்னான். வேட் ஓல்சன், உள்ளூர்ப் பையன். மூன்றாம் வகுப்பிலிருந்து ஆரினின் பஸ்ஸில் போனவன். இப்போது அடைப்பின் மேல்கம்பியில் உட்கார்ந்து கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தான். கீழே சாம்பல் நிறக் காளை ஒன்று பலகையை உதைத்துக்கொண்டிருந்தது.

ஆரின் பீப்பாயைச் சாய்த்தார். உருட்டினார். நடுமைதானத்தை நோக்கியல்ல, நேரே அடைப்புக் கதவை நோக்கி. வெளிப்பக்கம் திறக்கும் கதவு அது. அதன் முகத்தோடு முகம் ஒட்டப் பீப்பாயை நிமிர்த்தி நிறுத்தி, உள்ளே இறங்கி, தலையை மட்டும் நீட்டி, "வீடு மாறிட்டேன்! புது விலாசம் இதுதான்! பால்காரன்கிட்ட சொல்லிருங்க!" என்று சட்டையில் குத்தியிருந்த மைக்கில் கத்தினார்.

சனங்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். இதுவும் கூத்தில் ஒன்று என்றே நினைத்தார்கள்.

கதவுக்காரன் கயிற்றை இழுத்துப் பார்த்தான். கதவு ஒரு விரல்கடை நகர்ந்து நின்றது. "அண்ணே, தள்ளிக்கங்க. என் வேலைக்கு உலை வச்சிராதீங்க."

"இழு தம்பி, நல்லா இழு. காலையில ரெண்டு தட்டு பான்கேக் சாப்பிட்டவன் உள்ள உக்காந்திருக்கேன்."

மேலேயிருந்து வேட் கத்தினான். "யோவ் பெருசு! நீ பயந்தா ஓரமாப் போய் ஒக்காரு. என் சவாரியக் கெடுக்காத!"

"பயமா? உன்ன பஸ்ல ஏத்தின முதல் நாளு நீ அழுத அழுகையில நான் பயந்ததுதான் கடைசி."

சிரிப்பு இன்னும் உயர்ந்தது. லைமனின் முகம் சிவந்தது. சட்டென்று ஆரினின் மைக் செத்தது. மேடையில் யாரோ அதன் இணைப்பைப் பிடுங்கியிருந்தார்கள்.

ஆரின் அதற்கும் அசரவில்லை. ஊமைக்கூத்து ஆட ஆரம்பித்தார். பீப்பாய்க்குள்ளிருந்து சீப்பை எடுத்து இல்லாத முடியை வாரினார். பிறகு செய்தித்தாளை விரித்துப் படித்தார். ரே மொன்டோயா மெதுவாக நடந்து வந்தான். வந்தவன் பீப்பாயைப் பிடித்துத் தள்ளுவான் என்று லைமன் எதிர்பார்த்தார். ரே அதன் மேல் சாய்ந்து, ஆரினின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துத் தானும் செய்தித்தாள் படித்தான்.

"நீயுமாடா?" என்றார் லைமன்.

"நான் என்ன செய்ய? ஆளுக்கு ஒரு பக்கம்னு பிரிச்சுக்கிட்டோம்" என்றான் ரே.

ஆனால் சும்மா கிடக்கும் நேரத்துக்கும் ஒரு அளவுண்டு. சிரிப்பு தேய்ந்தது. மேல்வரிசையில் ஒருவன் "காளைய விடுங்கடா!" என்றான். இன்னொருவன் சீழ்க்கை அடித்தான். முதல் தூறல் புழுதியில் பொட்டு வைத்தது. சிலர் எழுந்து கார் நிறுத்தியிருந்த பக்கம் நடந்தார்கள். லைமன் மேடையைப் பார்த்து, "இவனைப் போகச் சொல்லுடா மைக்கில்" என்று ஹார்விக்குச் சைகை காட்டினார்.

ஆரின் பீப்பாயில் எழுந்து நின்றார். ஹார்வியை நேராகப் பார்த்தார். தொளதொளத்த சட்டையை உயர்த்தி வயிற்றைக் காட்டினார். தொப்புளுக்கு மேலிருந்து அக்குள் வரை ஓடிய தழும்பு, பூச்சு இல்லாத இடத்தில் வெள்ளையாக மின்னியது. சிலர் அதையும் வேடிக்கை என்று சிரித்தார்கள். ஹார்வி சிரிக்கவில்லை. அந்தத் தழும்பு உண்டான அன்றும் மைக் பிடித்திருந்தவன் அவன்தான். கொம்பு ஈரலைக் கிழித்த அன்று, வேலிக்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் இன்ஜின் ஓடிக்கொண்டே நின்றதால் பிழைத்த மனுஷன்.

ஹார்வி தொண்டையைச் செருமினான். அவனுக்கும் கூலி கொடுப்பது லைமன்தான்.

"சனங்களே," என்றான். "இது கூத்து இல்ல. நம்ம ஆம்புலன்ஸ் இப்ப இங்க இல்ல. அது திரும்பி வர்ற வரைக்கும் கதவைத் திறக்க விட மாட்டேன்னு ஆரின் உக்காந்திருக்காரு. ஆரினோட கட்சிதான் நானும்."

மைதானம் அடங்கியது. காளை பலகையை உதைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அப்போது நடுவரிசையில் ஒரு பெண் எழுந்தாள். கையில் பாதி தின்ற கேக். வேட்டின் அம்மா.

"ஆரின்! ஒரு இஞ்ச் நகந்தே, உன்ன நான் வந்து கொல்லுவேன்! உக்காரு அங்கேயே!"

"அம்மா!" என்று வேட் கம்பியின் மேலிருந்து கத்தினான்.

"நீ வாய மூடு! இறங்குடா கீழ!"

அப்போது எழுந்த சிரிப்பு அதற்கு முன் கேட்ட எல்லாச் சிரிப்பையும் தூக்கிச் சாப்பிட்டது. காருக்குப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். நனைந்துகொண்டே உட்கார்ந்தார்கள். லைமன் தொப்பியைத் தரையில் அடித்தார், பிறகு எடுத்து மாட்டிக்கொண்டார். வேறு வழி இல்லை. அத்தனை பேர் பார்க்க ஒரு கோமாளியைப் பீப்பாயோடு இழுத்துப் போட்டால் அடுத்த வருஷம் ஏலத்துக்கு ஒரு கன்றுக்குட்டி வராது.

தூறல் விட்டது. நெடுஞ்சாலையில் சிவப்பு விளக்கு சுழன்று வந்தது. ஆம்புலன்ஸ் வேலியோரம் நின்று, இன்ஜினை அணைக்காமல் உறுமிக்கொண்டிருந்தது.

ஆரின் இறங்கினார். பீப்பாயைச் சாய்த்து, நடுமைதானத்துக்கு உருட்டிக்கொண்டு போனார். வேட் காளை மேல் இறங்கி, தலையசைத்தான். கதவு திறந்தது. மூன்றாவது குதியில் பறந்து சேற்றில் மூக்குக் குப்புற விழுந்தான். ரே பாய்ந்து காளையைத் திருப்பினான். காளை ஆசைக்கு ஒரு தடவை பீப்பாயை முட்டிவிட்டு வெளியேறியது.

வேட் எழுந்தான். வாயிலிருந்து சேற்றைத் துப்பினான். விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை அவனுக்கு. "பாத்தியா பெருசு? ஒண்ணும் ஆகல. ஆம்புலன்ஸ் தேவையே படல."

"ஆமாடா. தேவைப்படல. எனக்கு அதுதான் வேணும். போ, உங்கம்மா பாக்குறா."

லைமன் மைதான வாசலிலேயே காத்திருந்தார். "அடுத்த வருஷம் இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காத."

ஆரின் ஈரத் துணியால் முகப்பூச்சைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "வருவேன் லைமன். டிக்கெட் வாங்கிட்டு வருவேன். முன்வரிசையில உக்காருவேன். ஆம்புலன்ஸ் வெளிய போச்சுன்னா வேலி தாண்டி உள்ள குதிப்பேன். பீப்பாய் என் வண்டியிலயே இருக்கும்."

லைமன் மிரட்டியபடியே அவர் மச்சினன் செய்தான். சுற்றுவட்டாரத்தில் ஓர் ஊரும் அந்த வருஷம் ஆரினைக் கூப்பிடவில்லை. மிச்சக் கோடை முழுக்க அவர் அண்டை வீட்டுக்காரனுக்கு வைக்கோல் கட்டிக் கொடுத்தார்.

அடுத்த ஜூலையில் கேம்ப்டன் ஃப்ளாட்டில் டிக்கெட் கிழிக்கிறவன் தலைநிமிர்ந்து பார்த்துத் திடுக்கிட்டான். எதிரே ஆரின் நின்றார், முகத்தில் முழுப் பூச்சோடு. பக்கத்தில் மனைவி நடீன். முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். மைதானத்தின் நடுவில் புதுக் கோமாளி ஒருவன் பீப்பாயிலிருந்து தலையை நீட்டி, "வீடு மாறிட்டேன்!" என்றான். சனங்கள் சிரித்தார்கள்.

ஆரின் சிரிக்கவில்லை. "என் ஜோக்கு. திருட்டுப் பய."

"போய்ச் சண்டை போடேன்" என்றாள் நடீன்.

"போடலாந்தான்." அவர் வேலியோரம் கைநீட்டினார். அங்கே ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ஆம்புலன்ஸ்கள் நின்றன, இரண்டிலும் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. "ஆனா அதப் பாரு. எடுத்துக்கிட்டுப் போகட்டும் ஜோக்க."