குறுக்கே எழுதிய கடிதம்

டாலஸுக்கு வடக்கே ஒரு சின்ன ஊரில், பழைய மர வீடு ஒன்றின் பின்கட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். முன்கட்டில் வீட்டுக்காரம்மா இருந்தார். எண்பதைத் தாண்டிய வெள்ளைக்காரி, தனிக்கட்டை. இரண்டாயிரம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் படுத்துவிடும் என்று பயந்துபோய் அமெரிக்கா அள்ளிக்கொண்டு வந்த கூட்டத்தில் என் கணவரும் ஒருவர். அவர் விசாவில் தொங்கிக்கொண்டு வந்தவள் நான். வேலை பார்க்க அனுமதி கிடையாது. இருந்த ஒரு காரையும் அவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார். பகலெல்லாம் ஈ ஓட்டலாம் என்றால் அந்த ஊரில் ஈயும் இல்லை.

வீட்டுக்காரம்மாவுக்குப் பார்வை நடுவில் மட்டும் அழிந்திருந்தது. ஓரங்கள் தெரியும், நேரே இருப்பது தெரியாது. என் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் என் காதுக்கு அப்பால் எங்கேயோ பார்ப்பார். முதலில் அதைத் திமிர் என்று நினைத்தேன். விஷயம் தெரிந்ததும் வெட்கமாகிவிட்டது. ஒருநாள் வாசலில் என்னை நிறுத்தி, "உனக்குக் கையெழுத்துப் படிக்க வருமா? எவ்வளவு மோசமாக இருந்தாலும்?" என்று கேட்டார். கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டருடைய மகள் நான். டாக்டர்களின் சீட்டைப் பார்த்து வளர்ந்தவள். வரும் என்றேன்.

உள்ளே ஒரு தகரப் பெட்டி நிறையக் கடிதங்கள் இருந்தன. அவருடைய கொள்ளுப்பாட்டி எழுதியவை. ரயில் வராத காலத்தில், டென்னசியிலிருந்து மாட்டு வண்டி கட்டிக்கொண்டு, புருஷனோடும் இரண்டு பிள்ளைகளோடும் இந்த வெட்டவெளிக்கு வந்தவள். ஊரிலேயே தங்கிவிட்ட அக்காவுக்கு அவள் எழுதியதையெல்லாம் அக்கா வீட்டார் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றியிருக்கிறார்கள். பிறகு யாரோ ஒரு புண்ணியவான் மொத்தமாகக் கட்டி இவருக்கே அனுப்பிவிட்டார். சாவகாசமாகப் படிக்கலாம் என்று வீட்டுக்காரம்மா எடுத்து வைத்தார். சாவகாசம் வந்தபோது கண் போய்விட்டது.

காலை வேளைகளில் நான் படிப்பேன், அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். எழுதியவளுக்கு மனதுக்குள் வண்டிக்காரி என்று பேர் வைத்திருந்தேன். வண்டிக்காரிக்கு எல்லாவற்றின் மேலும் குறை. காற்று நிற்பதே இல்லை. ஓநாய் ஊளையிடுகிறது. கறுப்பு மண் மழைக்கு அப்பிக்கொண்டு சக்கரத்தை விடமாட்டேன் என்கிறது. புருஷன் பாட்டுப் பாடுகிறான், அதுவும் ஒரே பாட்டு. பேச ஒரு பெண்பிள்ளை இல்லாமல் கோழியோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்று அக்காவுக்கு எழுதியிருந்தாள். எனக்குக் கோழிகூட இல்லை. யாருமே இல்லாத நிலம் என்று ஓரிடத்தில் எழுதிவிட்டு, அடுத்த கடிதத்திலேயே ஆற்றங்கரையில் யாரோ விட்டுப்போன அடுப்புச் சாம்பலைப் பற்றி எழுதியிருந்தாள். அந்தச் சாம்பலுக்குரியவர்கள் கடிதம் எழுதி வைக்கவில்லை. அவர்களைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை.

அவளுக்குக் காகிதப் பஞ்சம் வேறு. ஒரு பக்கம் முழுக்க எழுதியபின், தாளைப் பக்கவாட்டில் திருப்பி, எழுதிய வரிகளுக்கு மேலேயே குறுக்கே எழுதுவாள். எங்கள் வீட்டில் இன்லேண்ட் லெட்டரில் பசை தடவுகிற மடிப்பு வரைக்கும் எழுதுவோம். இவள் எங்களையும் தூக்கிச் சாப்பிட்டாள். குறுக்கு வரிகளைப் படிப்பதற்குள் கண் பிதுங்கிவிடும்.

வீட்டுக்காரம்மா இதையெல்லாம் பொழுதுபோக்காகக் கேட்கவில்லை. வண்டிக்காரி குடியேறிய பண்ணை, அவளுக்கு அங்கே பின்னால் பிறந்த பிள்ளைகள் வழியாக, அவருடைய அண்ணன் மகன்களிடம் வந்திருந்தது. வீடு கட்டி விற்கிற ஒரு கம்பெனிக்கு அதை விற்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அந்த நிலத்தில்தான், வந்த முதல் குளிர்காலத்திலேயே காய்ச்சலில் போன அந்த இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். குடும்பத்தில் எல்லாருக்கும் அது தெரியும். எந்த இடத்தில் என்பது யாருக்கும் தெரியாது. நட்ட மரச் சிலுவைகள் என்றோ மக்கிப்போய்விட்டன. அண்ணன் மகன்கள் கெட்டவர்களில்லை. "இடத்தைக் காட்டுங்க அத்தை. கல்லறை இருக்குன்னு தெரிஞ்சா சட்டப்படி யாரும் அதைத் தொட முடியாது. நாங்களே வேலி போட்டு விட்டுடறோம்" என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் கிரயம் முடிவதற்குள் காட்ட வேண்டும். "அந்தப் பிள்ளைகள் மேல் ஒரு கராஜ் ஏறி நிற்கக் கூடாது. அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் போக வேண்டும்" என்றார் வீட்டுக்காரம்மா. கடிதத்தில் எங்கேயாவது இருக்கும் என்று நம்பினார். நானும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன்.

அதற்குள் எனக்கு வயிறு பெரிதாகி, பிரசவத்துக்காகக் கோவில்பட்டியிலிருந்து அம்மா வந்தாள். முதல் மழைக்கே செருப்பில் அப்பிய மண்ணைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இது நம்ம கரிசல்லா!" என்று கூவினாள். வீட்டுக்காரம்மாவோடு ஒரு வார்த்தை பொது இல்லாமலே ஒட்டிக்கொண்டாள். இவள் தமிழில் பேசுவாள், அவர் இங்கிலீஷில் பதில் சொல்வார். இரண்டு பேரும் திருப்தியாக எழுந்து போவார்கள். முன்கட்டின் கட்டை நாற்காலியில் என்னால் அதிக நேரம் உட்கார முடியவில்லை என்று பார்த்து, "பெட்டியை உன் வீட்டுக்கே எடுத்துப் போ, படுத்துக்கொண்டு படி" என்று வீட்டுக்காரம்மாவே கொடுத்தனுப்பினார். அப்படித்தான் அந்தக் கடிதங்கள் எங்கள் வீட்டுக்குள் வந்தன.

தேடிய கடிதம் ஒரு முற்பகலில் கிடைத்தது. எதிரில் அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். படிக்கப் படிக்க என் முகம் மாறியிருக்க வேண்டும்.

"என்னட்டி எழுதிருக்கா?" என்றாள்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நான் வரிவரியாகத் தமிழில் சொன்னேன். முதலில் மகன், பிறகு மகள். மகளுக்கு மூச்சு இழுத்தபோது மாற்றுத் துணி இல்லாமல் வண்டியின் கூடாரத் துணியைக் கிழித்துச் சுற்றினாளாம். மண் இறுகிப்போய்ப் புருஷனால் தோண்ட முடியவில்லையாம். அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

நேர் வரிகள் அதோடு முடிந்தன. தாளைத் திருப்பினேன். குறுக்கு வரி இப்படித் தொடங்கியது: "அவர்களை எங்கே வைத்தோம் என்று உனக்குச் சொல்கிறேன் அக்கா, என்னைத் தவிர இன்னொருத்திக்கும் தெரிந்திருக்கட்டும்."

அடுத்த வரி தேங்கிய மையில் புதைந்திருந்தது. எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஆடின. காலெல்லாம் வீங்கியிருந்தது. ஒரு தூக்கம் போட்டுவிட்டுத் தெளிந்த கண்ணோடு பார்க்கலாம், இவ்வளவு காலம் இருந்த கடிதம் எங்கே போய்விடப் போகிறது என்று மேஜைமேல் வைத்துவிட்டுப் படுத்தேன். அந்தத் தூக்கத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னைப் பிடிக்காமல் போகிறது.

எழுந்து வந்தபோது அம்மா தலையில் ஈரத் துண்டோடு நின்றிருந்தாள். மத்தியானத்தில் தலைக்கு ஊற்றியிருக்கிறாள். ஊரிலிருந்து போன் வந்திருக்கிறது, அப்பாதான் என்று நினைத்தேன்.

"யாரும்மா? யாரு போயிட்டா?"

"நம்மள்ல யாருமில்ல, பயப்படாத. அந்தக் காயிதத்தைச் சொல்லுதேன். சாவுச் சேதி எழுதின காயிதத்தை வீட்ல வச்சிருக்கப்பிடாதுல்லா? அதும் வாயும் வயிறுமா இருக்க பிள்ளை கைல. கிழிச்சு, அந்த அரைக்கிற மெஷின்ல போட்டுத் தண்ணிய விட்டுட்டேன். நானும் தலைக்கு ஊத்திக்கிட்டேன்."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. துக்கச் செய்தி வந்த கடிதத்தைப் படித்ததும் கிழித்து எறிந்துவிட வேண்டும். வீட்டில் தங்கக் கூடாது. எத்தனையோ கார்டுகளை அம்மா அப்படிக் கிழித்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் கோவில்பட்டியில் அவள் கிழித்தது தெருவில் கிடக்கும், பொறுக்கி ஒட்டலாம். இங்கே சிங்க்குக்கு அடியில் காய்கறித் தோலைக் கூழாக்குகிற மெஷின் இருந்தது. வந்ததிலிருந்து அம்மாவுக்கு அதன் மேல் தனி ஆசை. நான் ஓடிப்போய் அதற்குள் கையை விட்டேன். பீன்ஸ் நார்தான் வந்தது.

"நூத்து நாப்பது வருஷத்துக்கு முந்தின சாவும்மா!" என்று கத்தினேன்.

"எப்பச் செத்தா என்னட்டி? நமக்கு இன்னைக்குத்தான தெரியும்."

அன்றைக்கு அம்மாவை நான் பேசாத பேச்சில்லை. படிப்பில்லாதவள் என்று சொன்னேன். எதற்கு வந்தாய் என்றுகூடக் கேட்டேன். என் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று செய்தவளிடம் அப்படிக் கேட்டேன். அவள் நறுக்கிய பீன்ஸை மறுபடியும் எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஆபீசிலிருந்த கணவருக்குப் போன் பண்ணினேன். "டென்ஷன் ஆகாத, பேபிக்கு நல்லதில்ல. லெட்டர் கிடைக்கலன்னு சொல்லிடு. அவங்களால செக் பண்ணவா முடியும்?" என்றார். பார்வையில்லாதவரிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முன்கட்டுக்குப் போனேன். அம்மாவும் ஈரத் தலையோடு பின்னாலேயே வந்து நின்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். நேர் வரிகளில் இருந்தவற்றையும், குறுக்கு வரியில் நான் படித்த அந்த ஒரு வாக்கியத்தையும் சொன்னேன். வீட்டுக்காரம்மா கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் தேவலை. அவர் அம்மா நின்ற பக்கமாகத் தலையைத் திருப்பி, அவளுடைய தோளுக்கு அப்பால் பார்த்தார்.

"உன் அம்மா தலை ஏன் ஈரமாக இருக்கிறது?"

"துக்கம் கேட்டால் குளிப்போம். உங்கள் பிள்ளைகளுக்காகக் குளித்தாள்."

"அவளுக்கு என் நன்றியைச் சொல். ஆனால் எனக்கு அந்த இடம் தெரிந்திருக்க வேண்டும்" என்றார். முதல் பாதியை மட்டும் அம்மாவிடம் தமிழில் சொன்னேன். இரண்டாவது பாதி அவளுக்கு மொழிபெயர்க்காமலே புரிந்தது.

அந்தச் சனிக்கிழமை என் கணவர் எல்லாரையும் காரில் ஏற்றிப் பண்ணைக்குக் கூட்டிப்போனார். வீட்டுக்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏதாவது மேடு தெரிகிறதா? கல்? ஒற்றை மரம்?" என்று கேட்டுக்கொண்டே நடந்தார். மேடும் தெரிந்தது, பள்ளமும் தெரிந்தது. எங்கே பார்த்தாலும் தெரிந்தது. அம்மா மட்டும் குனிந்து வெடிப்புகளைப் பார்த்துவிட்டு, "கரிசல்ல நட்டது எதுவும் நட்ட இடத்துல நிக்காதுட்டி" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். மற்ற கடிதங்களையும் விடாமல் படித்துப் பார்த்தேன். அந்த இடத்தை வண்டிக்காரி மறுபடியும் எழுதவே இல்லை. எழுத வேண்டிய அவசியம் என்ன? ஒருமுறை சொல்லியாகிவிட்டதே.

கிரயம் முடிந்தது. எனக்கு மகள் பிறந்தாள். அம்மா ஊருக்குப் போனாள். வீட்டுக்காரம்மா பெட்டியை வாங்கிக்கொண்டு முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை போய்ப் பார்த்தேன். நிலத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அவர் இறந்துபோன செய்தியை அண்ணன் மகன் போனில் சொன்னார். அதற்குள் அங்கே புல்டோசர் இறங்கிவிட்டிருந்தது.

இரண்டாயிரத்து ஒன்றில், அந்தப் பண்ணையில் எழும்பிய காலனியிலேயே வீடு வாங்கினோம். இதை எழுதும்போதே எனக்குக் கூசுகிறது. முடியாது என்று நான் சண்டை போடாமலில்லை. ஆனால் தெரிந்த தமிழ்க் குடும்பங்களெல்லாம் அங்கேதான் வாங்கினார்கள். "நல்ல ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட். அவ்வளவு பெரிய நிலத்துல அந்தக் கல்லறை நம்ம மனைலதான் இருக்கணும்னு என்ன?" என்று கேட்டார் கணவர். இங்கேதான் என்று காட்ட என்னிடம் என்ன இருந்தது? தெருவுக்கு முன்னோடிகளின் ஞாபகமாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். வைத்தவர்களுக்கு ஒரு முன்னோடியையும் தெரியாது.

புதுமனை புகுவிழாவுக்கு அம்மா மறுபடி வந்தாள். மேடு பள்ளமெல்லாம் சமமாகிப் புல் விரித்திருந்ததால் அவளுக்கு இடம் பிடிபடவில்லை. பால் காய்ச்சி முடித்து, பேத்தியோடு பின்பக்கம் வந்து நின்று, வேலிவரைக்கும் பார்த்தாள்.

"நல்லாருக்குட்டி. முன்னால இந்த மண்ணுல என்ன இருந்துச்சுன்னு விசாரிச்சீங்களா? அடியில எலும்பு கிலும்பு கிடந்தா வீட்டுக்கு ஆகாது."

சொல்லாமல் இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. "இது அந்தப் பண்ணைதாம்மா" என்றேன்.

அம்மாவுக்குப் புரிய நேரமாகவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும், அத்தனை நாளாக அவள் மேல் எனக்கிருந்த கோபம் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. அந்த முகத்தைப் பார்ப்பதைவிட அந்தக் கோபமே மேலாக இருந்திருக்கும்.

"எந்தப் பக்கம்னாச்சும் தெரியாதா?"

"தெரியாதும்மா."

அவள் கால் செருப்பைக் கழற்றிப் படியில் விட்டாள். பிறகு குனிந்து பேத்தியின் ஷூவையும் கழற்றத் தொடங்கினாள். "வொய், ஆச்சி?" என்று குழந்தை கேட்டது. அம்மா என்னைப் பார்த்தாள். குழந்தைக்கு என்னவென்று சொல்வது? எங்கே மிதிக்கலாம், எங்கே மிதிக்கக் கூடாது என்று எனக்கே தெரியவில்லை. நானும் செருப்பைக் கழற்றினேன்.