அண்ணன் கேட்ட ரத்தப் பரிசோதனை

டொரான்டோவில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குள் புகைபிடிக்கத் தடை. அதனால் கொட்டும் பனியில், பல் கிடுகிடுக்க வாசலில் நின்று ஊதுகிறார்கள். வந்த புதிதில் எனக்கு வேடிக்கையாக இருந்தது. என்னுடன் வேலை செய்யும் லிண்டாவும் அவர்களில் ஒருத்தி. உள்ளே எங்களுக்கு என்ன வேலை தெரியுமா? புகைபிடிப்பவர்களில் சிலருக்கு மட்டும் ஏன் உணவுக்குழாயில் புற்றுநோய் வருகிறது என்று ரத்தத்தில் மரபணுவைத் தேடுவது! புகையின் நஞ்சை முறிக்கும் சக்தி சிலருக்குப் பிறவியிலேயே குறைவு. அவர்கள் புகைத்தால் ஆபத்து இன்னும் கூடும். அதற்காக மற்றவர்களுக்கு ஆபத்தே இல்லை என்று பொருளல்ல.

"இப்படி நின்று ஊதுகிறாயே?" என்று ஒருநாள் கேட்டேன். குளிரைச் சொல்கிறேன் என்று நினைத்து, "பழகிவிட்டது" என்றாள். நோயைச் சொன்னேன். "என் ரத்தத்தைப் பார்த்துவிட்டேன், நான் தப்பித்தேன்" என்று சிரித்தாள். படித்தவள் பேசுகிற பேச்சா இது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பொள்ளாச்சியில் கொப்பரை வியாபாரம் செய்த அப்பா, ஓயாமல் பீடி பிடித்தவர், இந்த நோயில்தான் போனார். கடைசியில் இளநீர்கூட இறங்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களுக்கு வெற்றிலைத் தட்டில் பீடியும் சிகரெட்டும் வைத்து நீட்டினோம், ஊர் வழக்கம். தட்டைத் தூக்கிக்கொண்டு போன அண்ணனே அதில் ஒன்றை எடுத்துப் பற்றவைத்தார். யாருக்கும் அது உறுத்தவில்லை.

போன விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். அண்ணன் ஒவ்வொரு வாய் இட்லிக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது.

"டாக்டர்கிட்டப் போங்கண்ணா."

"அட, தொண்டை வறட்சி அம்மணி."

பயந்தாவது புகையை விடட்டும் என்று என் வேலையைப் பற்றி விளக்கிச் சொன்னேன். அவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கையை நீட்டினார்.

"என்ர ரத்தத்தக் கொண்டுபோயி உன்ர மிசின்ல பாரு. நீ சொல்ற அந்தக் கொற இல்லீனா நான் பாட்டுக்கு ஊதிக்கறேன்."

"இருந்துச்சுன்னா உட்டுப்போடுவீங்களா?"

"இருந்துச்சுன்னா, அப்பறம் உட்டு மட்டும் என்ன ஆகப்போவுது?"

கருமம்! இதற்காகவா நான் கடல் கடந்து வந்து குழாய் குழாயாக ரத்தம் பார்க்கிறேன்?

இன்று காலை பஸ் ஸ்டாண்டு டெலிபோன் பூத்திலிருந்து அண்ணன் ஆய்வுக்கூடத்துக்குப் பேசினார். டாக்டரிடம் இன்னும் போகவில்லையாம். பேச்சுக்கு நடுவே தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. கத்தித் தீர்த்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அங்க ரொம்பக் குளுருதா கண்ணு?" என்றார். போனை வைத்துவிட்டேன்.

வாசலுக்கு வந்தேன். லிண்டா நகர்ந்து இடம் கொடுத்தாள். அவள் விட்ட புகையில் எங்கள் வீட்டு வாசனை அடித்தது. அதை வெறுத்துக்கொண்டே, அங்கிருந்து நகர மனமில்லாமல் பனியில் நின்றேன். அண்ணனுக்குச் சோறு இறங்குகிறதா என்று நான் கேட்கவேயில்லை.