காலியாகத் திரும்பாத தூக்கு

என் எவர்சில்வர் தூக்கில் ஒரு எழுத்துப்பிழை இருக்கிறது. ‘பெரியம்மா அன்பலிப்பு’ என்று அதன் வயிற்றில் வெட்டியிருக்கும். என் கல்யாணத்துக்குப் பெரியம்மா வாங்கிக் கொடுத்தது. பாத்திரக் கடையில் பேர் வெட்டியவருக்கு என்ன அவசரமோ, ளகரத்தை லகரமாக்கிவிட்டார். பெரியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. “எழுத்து நல்லா வந்துருக்குதாம்மா?” என்று கேட்டபோது, “முத்து முத்தா இருக்குது பெரிம்மா” என்றேன். அவர் சாகும்வரை அந்தப் பொய்யை நான் மாற்றவில்லை.

என் பட்டுப் புடவையை யார் வேண்டுமானாலும் கட்டிக்கொண்டு போகட்டும். தூக்கைத் தொட்டால் மட்டும் எனக்குச் சுர்ரென்று ஏறும். பஸ்ஸில் குப்புறக் கவிழ்ந்தாலும் ஒரு சொட்டு சிந்தாது, மூடி அப்படி இறுகிக்கொள்ளும். திறப்பதற்குத்தான் வித்தை வேண்டும். இடது உள்ளங்கையால் ஓரத்தில் ஒரு தட்டு, உடனே ஒரு திருகு. என் வீட்டுக்காரர் கட்டிங் பிளேயர் வைத்துப் பார்த்துத் தோற்றவர். என்னைத் தவிர அந்த வித்தை தெரிந்த ஒரே ஆள், கள்ளக்குறிச்சி தாலுகா ஆபீஸில் எனக்கு எதிர் மேஜையில் உட்காரும் அக்கா.

அக்காவுக்குக் கச்சிராயபாளையம். கரும்பு போடுகிற குடும்பம். முதன்முதலில் ஒரு கிறிஸ்துமஸுக்கு அவருக்குத் தூக்கு நிறைய அதிரசம் கொடுத்தேன். பாத்திரத்தைக் காலியாகத் திருப்பக் கூடாதே, மொச்சைக் குழம்போடு வந்தது. நான் மட்டும் லேசுப்பட்டவளா? கறிக்குழம்பு அனுப்பினேன். சர்க்கரைப் பொங்கல் வந்தது. பதினோரு வருஷமாக இப்படியே போய் வந்து, தூக்குக்கு எது சொந்த வீடு என்பதே மறந்துபோயிற்று.

“பேசாம இதுக்கு ஒரு பஸ் பாஸ் எடுத்துடலாம்டி” என்பார் அக்கா.

போன மார்கழியில் தூக்கில் தேன் வந்தது. அக்காவின் தம்பி கல்வராயன் மலைக்குப் போய் வாங்கி வந்தது. அதைப் பாட்டிலுக்கு மாற்றிவிட்டு, முறுக்குப் போட்டுத் தூக்கை அனுப்பிவிட்டேன். பத்து நாள் கழித்துப் பார்த்தால் பாட்டிலின் அடியில் கல்கல்லாகச் சர்க்கரை! எனக்குப் பொறுமை எப்போதும் கம்மி. பாட்டிலை ஆபீஸுக்கே தூக்கிக்கொண்டு போனேன்.

“இன்னாக்கா இது? உங்க தம்பி மலைக்குப் போனாரா, மளிகைக் கடைக்குப் போனாரா?”

அதோடு விட்டேனா? நல்ல தேனில் நனைத்த தீக்குச்சி பற்றும் என்பார்களே, அதையும் எல்லார் முன்னாலும் உரசிப் பார்த்தேன். பற்றவில்லை. “சுத்தமான வெல்லப்பாகு!” என்று தீர்ப்புச் சொன்னேன். ஆபீஸே சிரித்தது. அக்கா “அப்படியா” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்றாம் நாள், சான்றிதழ் வாங்க மலையிலிருந்து வந்த ஒருவரிடம் வாய் சும்மா இருக்காமல் இதைச் சொன்னேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். “நல்ல தேனும் குளிர்ல உறையும்மா. தீக்குச்சியெல்லாம் சும்மா பேச்சு. வெயில்ல வெச்சுப் பாருங்க.”

வைத்தேன். தேன் இளகிவிட்டது. என் வாய்தான் இளகவில்லை. சிரித்த அத்தனை பேர் முன்னாலும் “தப்பு என்னுது” என்று சொல்ல வேண்டுமே! மூன்று வாரம் எதிரெதிரே உட்கார்ந்து பேசாமல் இருந்தோம். தூக்கோ அவர் வீட்டில். பெரியம்மா கொடுத்தது போய்விடுமோ என்பது பாதி பயம். காலியாகத் திரும்பி வந்துவிடுமோ என்பதுதான் பெரிய பயம். காலியாக வந்தால் பதினோரு வருஷம் அன்றோடு சரி.

ஒரு வெள்ளிக்கிழமை சாப்பிட்டுவிட்டு வந்தேன். என் மேஜை மேல் தூக்கு. அக்கா தலை நிமிரவில்லை. தூக்கிப் பார்த்தேன், காற்றாக இருந்தது. ஆட்டிப் பார்த்தேன், சத்தமே இல்லை.

திறந்து பார்த்துவிடலாம் என்று தட்டினேன், திருகினேன். கை வேர்த்து வழுக்கியது. மறுபடியும் தட்டினேன். டைப்பிஸ்ட் ஒரு கை பார்த்தார். பியூன் ஸ்டேப்ளரால் இரண்டு போடு போட்டார். மூடி அசையவில்லை.

“டேய், நசுக்கிடாதடா! குடு இங்க.” அக்கா எழுந்து வந்தார். இடது கையால் ஒரு தட்டு, ஒரு திருகு. திறந்து என் முன்னால் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

உள்ளே துணியில் சுற்றி ஒரே ஒரு அச்சு வெல்லம். கூடவே ஒரு சீட்டு: ‘எங்க காட்டுக் கரும்பு வெல்லம். சுத்தமானது. தேன் கலப்படம் கிடையாது.’

சிரிப்பு பீறிட்டது, கூடவே கண்ணீரும் கொட்டிவிட்டது. “தப்பு என்னுதுக்கா” என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக. “தேன் நல்ல தேன்தான். என் வாய்தான் கலப்படம்.” வேறு என்ன செய்வதென்று தெரியாமல் வெல்லத்தை எடுத்துக் கடித்தேன்.

“அழுதுகினே தின்னாதடி” என்றார் அக்கா. “உப்புக் கரிக்கும். அப்புறம் அதுக்கும் என்னையத்தான் குத்தம் சொல்லுவ.”