சன்னத்துக்கு வேகம் பார்த்தோம்

போன கிழமை முழுவதும் நான் போனில் தேடியது ஒன்றே ஒன்றுதான் — துவக்குச் சன்னத்தின், அதாவது துப்பாக்கிக் குண்டின், வேகத்தை அளக்கும் கருவி. குரோனோகிராஃப் என்று பெயர்.

எட்டிப் பார்த்த என் கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"உமக்கென்ன விசரே? வன்னியில இருந்துகொண்டு போனில உதெல்லாமே தேடுறது?"

விசர் இல்லை. எங்கள் புதுக்குடியிருப்பு விளையாட்டுக் கழகத்தில் டிலானி என்றொரு பிள்ளை போட்டிகளுக்காக எயார் றைபிள், அதுதான் காற்றழுத்தத் துவக்கு, சுடுகிறாள். கடற்கரைப் பக்கத்துப் பிள்ளை, தகப்பன் கடல் தொழில். அடுத்த மாதம் மாகாணத் தெரிவுப் போட்டி. இவ்வளவு நாளும் நடுப்புள்ளியைத் துளைத்தவளுக்குத் திடீரென்று குறி மேலும் கீழுமாகப் போகிறது. பிழை கையிலா, துவக்கிலா? கை என்றால் பழக்கலாம். துவக்கு என்றால்... கழகத்தில் இருப்பதே அந்த ஒன்றுதான். போட்டியை மறக்க வேண்டியதுதான்.

சன்னம் ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில் போகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும் என்றார் பயிற்சி கொடுக்கும் மாஸ்டர். கருவியைத் தெரிவு செய்யும் வேலை என் தலையில். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவளுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு!

குழல் முனையில் பூட்டுவது ஒன்று. பூட்டினால் துவக்கின் பாரம் மாறிவிடும். ராடாரில் பிடிப்பது இன்னொன்று — விலையைப் பார்த்ததும் பக்கத்தை மூடிவிட்டேன். மூன்றாவது, மேசையில் வைப்பது. அதற்கு இரண்டு கண்கள். சன்னம் முதல் கண்ணைத் தாண்டி அடுத்ததைத் தாண்ட எடுக்கும் நேரத்தை வைத்து வேகத்தைச் சொல்லும். இடையில் ஒரு சாண் தூரம்தான். அந்தச் சாணுக்குள் நேரத்தைப் பிடிப்பதா? நம்பவே முடியவில்லை. அதையே வாங்கினோம்.

சனிக்கிழமை காலை, கழக மண்டபத்தின் கதவு, யன்னல் எல்லாம் சாத்தி டியூப் லைட்டைப் போட்டார் மாஸ்டர். பயிற்சி எப்போதும் அப்படித்தான். தெருவில் போகிற சனத்தின் கண்ணில் துவக்குப் படக்கூடாது. ஏன் என்று, யுத்தம் பார்த்த எங்கள் ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள்.

டிலானி சுட்டாள். நூற்றெழுபத்தொன்று. அடுத்தது, நானூறு என்று காட்டியது கருவி! அதற்கடுத்தது, 'எரர்'. பிழை துவக்கில்தான் என்று நினைத்து, பிள்ளை அதை மேசையில் வைத்துவிட்டு அழத் தொடங்கினாள்.

கருவியோடு வந்த தாளை அவசரமாகப் படித்தேன். டியூப் லைட் வெளிச்சத்தில் அதன் கண் ஏமாந்துபோகுமாம். வானத்து வெளிச்சம்தான் நல்லதாம்.

வெளியிலா? மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் டிலானியின் தாய் மேரியக்காவைப் பார்த்தேன்.

மேரியக்கா எழும்பிப் போய்ப் பின்கதவைத் திறந்தார். "வாங்கோ மாஸ்டர், வெளியில போவம். ஒளிச்சுச் சுட என்ர பிள்ளை என்ன களவே செய்யுது?"

பின்வளவில் மண் மூட்டைகளை அடுக்கினோம். டிலானி சுட்டாள். நூற்றெழுபத்திரண்டு. நூற்றெழுபத்தொன்று. நூற்றெழுபத்திரண்டு... ஒரு செக்கனுக்கு இத்தனை மீற்றர்! கண்ணுக்கே தெரியாமல் போகிற ஒன்று, இலக்கமாக வந்து என் முன்னால் நிற்கிறது. இந்த மண்ணில் எங்கள் தலைக்கு மேலால் எத்தனை போயிருக்கும்? ஒன்றின் வேகத்தையும் நாங்கள் பார்த்ததில்லை, குப்புறப் படுத்துக் கிடந்தோம்.

"துவக்கில பிழை இல்லை மாஸ்டர்! பிழை என்னிலதான்!" டிலானி துள்ளினாள். தன் பிழைக்கு இப்படிச் சந்தோஷப்பட்ட ஒருவரை நீங்கள் எங்காவது கண்டிருக்கிறீர்களா?

வேலிப் பக்கம் கைதட்டல் கேட்டது. திரும்பினால், அக்கம்பக்கத்துச் சனம் முழுக்க அங்கே.

"எத்தினை காட்டுது? பிள்ளை, இன்னொருக்காச் சுடு பாப்பம்!"

துவக்குச் சத்தம் கேட்டு எங்கள் சனம் வீட்டுக்குள் ஓடாமல் வெளியே ஓடிவந்ததை, என் வாழ்நாளில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.